தலடித்துட்டி

டப்பிங் தியேட்டரில் அவனுக்குக் கும்பல் என்று பெயர். ஒற்றை ஆளுக்குக் கும்பல் என்று பெயர் வைத்தது நக்கல் பிடித்த ஒரு சவுண்ட் இன்ஜினியர். திரையில் கூட்டம் வருகிற இடமெல்லாம் அவன் குரல் இருக்கும். "விடாதீங்கடா, பிடிங்க!" என்பான். அதே மூச்சில் தொண்டையை மாற்றிக்கொண்டு, "ஐயோ, போச்சே, எல்லாம் போச்சே!" என்பான். பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருமுகிறவன், தீப்பிடித்த கட்டடத்தின் மேல்மாடியில் அலறுகிறவன் எல்லாம் இவன்தான். முகம் தெரிகிற ஒரு பாத்திரத்துக்கு இவன் இதுவரை வாய் திறந்ததில்லை. வீட்டில் டிவி பார்க்கும்போது, "இதோ, இதோ, இது நான்!" என்று விரலை நீட்டுவதற்குள் அங்கே கூட்டம் கலைந்துபோயிருக்கும். மனைவி திரும்பிப் பார்த்து, "எது?" என்பாள். அவள் ஒன்றும் நினைத்துக்கொண்டு கேட்பதில்லை. ஆனால் அந்த "எது?" அவனுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். இன்னும் மூன்று வயது முடியவில்லை. உருவம் சின்னது, பார்வை கூர்மை என்பதால் குண்டூசி என்று கூப்பிட்டார்கள். அவளுக்குக் 'க' வராது. 'க' இருக்கிற இடத்தில் எல்லாம் 'த' போடுவாள். 'ர' அவள் வாய்க்குள் போனால் 'ல' ஆகித்தான் வெளியே வரும். பெயர் என்ன என்று கேட்டால், "துண்டூசி" என்பாள். கதவு ததவு, கண்ணாடி தண்ணாடி.

ஒரு நாள் மனைவிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கும்பல் தியேட்டருக்குப் போனான். அங்கே ஒரு கார்ட்டூன் தொடருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா கரடி, அதன் குட்டி, இரண்டும் காட்டில் அலைகிற கதை. திரையில் குட்டியைப் பார்த்ததும் குண்டூசி கையைத் தட்டி, "தலடித்துட்டி! அப்பா, தலடித்துட்டி!" என்று கத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டைரக்டர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"கும்பல், இது யாரு குழந்தை?"

"என்னோடதுதான் சார். சத்தம் போடாம பார்த்துக்கிறேன் சார்."

"யோவ், சத்தம் போடட்டும்யா! அதுக்குத்தானே நான் ஒரு மாசமா நாயா பேயா அலையுறேன்!"

இரண்டே நாளில் குண்டூசி கரடிக்குட்டி ஆகிவிட்டாள். வேறு யார் பக்கத்தில் நின்றாலும் அவள் வாய் திறக்கவில்லை. கும்பல் நின்றால் திறந்தாள். சரி, எதிரே பேசுகிற அப்பா கரடியையும் இவனே பேசித் தொலைக்கட்டும் என்று டைரக்டர் முடிவு செய்தார். அப்படித்தான் கும்பலுக்கு முதல் முறையாக ஒரு பாத்திரம் கிடைத்தது. கரடிதான், இருந்தாலும் முகம் உள்ள கரடி. கதை முழுக்க வருகிற கரடி. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் கால் தரையில் படவில்லை. மகளை மைக் உயரத்துக்கு ஸ்டூலில் ஏற்றி நிறுத்துவான், பொம்மையைக் காட்டி விளையாட்டுப்போல வசனத்தைச் சொல்லுவான், அவள் திருப்பிச் சொல்லுவாள். தொடர் பிடித்துக்கொண்டது. தெருவில் போகிற குழந்தைகள் எல்லாம் "தலடித்துட்டி" என்று பேச ஆரம்பித்தன.

இதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் அவன் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கடைக்கு வந்த குழந்தை டாக்டர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் மகளைப் பற்றிச் சொல்ல, அவர் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் அனுப்பிவைத்தார். 'க' தானாகவும் வரும், ஆனால் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் வரும் என்றாள் டீச்சர். சில விளையாட்டுகளையும் சொல்லித் தந்தாள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு தானாகப் பின்னால் போகுமாம். மனைவி கடையிலிருந்து மருந்து பாட்டில்களின் அளவு மூடிகளைப் பை நிறையக் கொண்டுவந்தாள். படுத்திருக்கும் மகள் வயிற்றில் ஒரு மூடியை வைத்து, "க்... க்..." என்று தொண்டையைச் செருமச் சொல்லி, மூடி துள்ளி விழுந்தால் சிரித்து உருளுவார்கள். குளிக்கும்போது வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு அண்ணாந்து களகளவென்று கொப்பளிப்பார்கள். ஒவ்வொரு 'க'வுக்கும் ஒரு மூடி. மூடிமேல் மூடி அடுக்கி, கோபுரம் குழந்தையின் மூக்கு உயரம் வந்தால் தட்டிவிடலாம்.

முதலில் 'க்' என்று ஒரு இருமல்தான் வந்தது. பிறகு 'கா' வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டூசி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "அப்பா, கை! இதோ கை!" என்றாள். கை முழுக்க மாவு.

எந்தத் தகப்பனுக்கும் உச்சி குளிர்ந்திருக்கும். கும்பல் கணக்குப் போட்டான். 'க' வந்துவிட்டால் பின்னாலேயே 'ர'வும் வரும், தலடி கரடி ஆகிவிடும். குட்டி போய்விடும். குட்டி போனால் அப்பா கரடியை மட்டும் இவனுக்காக எவன் விட்டுவைப்பான்? மறுபடி மேல்மாடியில் நின்று "தீ, தீ" என்று அலற வேண்டியதுதான்.

"ஏன்டி, இப்ப என்ன அவசரம்?" என்றான் மனைவியிடம். "நாலு வயசுல தானா வந்துட்டுப் போகுது."

"டீச்சர் சொன்னாங்க."

"டீச்சர் சொன்னா கிணத்துல குதிப்பியா? தொடர் முடியட்டுமே."

"அவளுக்கு நாக்கு இருக்குறது நீங்க மைக்ல நிக்கிறதுக்காகவா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

பகலில் குழந்தை கும்பலின் பொறுப்பு. அவனும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். அதற்குச் சிலை விளையாட்டு என்று பெயர் வைத்தான். மகள் 'க' சொன்னால் அப்பா சிலையாகிவிடுவான். கண் இமைக்காது, மூச்சு தெரியாது. மூச்சை அடக்குவது அவன் தொழிலாயிற்றே. சட்டையைப் பிடித்து இழுத்தாலும் அசைய மாட்டான். 'த' சொன்னால் சிலைக்கு உயிர் வரும். மகளை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஓடுவான். அவள் கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். குழந்தைக்கு எந்த விளையாட்டானால் என்ன, சிரிக்கிறது.

குண்டூசி கெட்டிக்காரி. சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் 'க', அப்பாவிடம் 'த'. அம்மாவுக்குக் கதவு, அப்பாவுக்குத் ததவு. "என் பொண்ணு டபுள் ரோல் பண்றா," என்று தியேட்டரில் பெருமையடித்துக்கொண்டான் கும்பல். வெட்கமே இல்லை அவனுக்கு. ஆனால் அம்மாவும் அப்பாவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது குழந்தை தவித்துப்போவாள். வாயைத் திறந்து இவன் முகத்தைப் பார்ப்பாள், அவள் முகத்தைப் பார்ப்பாள், பிறகு விரலால் தண்ணீர்ப் பானையைக் காட்டுவாள். அதைக் கும்பல் கவனித்தான். கவனித்துவிட்டுப் பேப்பர் படித்தான்.

ஒரு மதியம் கடையில் கரண்ட் போய், மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தாள். புருஷன் நடு அறையில் விறைத்து நிற்கிறான். மகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு, "தூக்கு... தூக்கு..." என்று கெஞ்சுகிறாள். அசைவில்லை. பிறகு குழந்தை, ஒரு தப்பை ஒப்புக்கொள்வதுபோலத் தலையைக் குனிந்து, "தூத்து," என்றது. சிலை உயிர்பெற்று அவளை வாரி எடுத்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டை பக்கத்து மூன்று வீடுகளுக்குக் கேட்டது. "நான் கட்டுறேன், நீங்க பின்னாடியே வந்து இடிக்கிறீங்க. இதுக்குப் பேரு விளையாட்டா? நீங்க அப்பனா, என்னன்னு சொல்றது உங்களை?" என்றாள். கூட்டத்தில் கத்துகிறவனுக்குத் தனியாக நின்றால் நாக்கு எழாது. கடைசியில் ஒப்புக்கொண்டான். இனிமேல் சிலை கிடையாது. மனைவி மகளை மடியில் உட்கார்த்திவைத்து, "இனிமே அப்பாகிட்டயும் 'க'தான். அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும். என்னங்க, அப்படித்தானே?" என்றாள். "ஆமாடா கண்ணு," என்றான் கும்பல். அந்த வாரம் முழுக்க அவனும் உட்கார்ந்து மூடி அடுக்கினான். மகள் "கண்ணாடி" என்று சொன்னபோது கையைத் தட்டினான். குழந்தை நம்பிவிட்டது. முகத்தில் இருந்த தவிப்பு போய், வாய் ஓயாமல் பேசினாள்.

வாரக் கடைசியில் தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தது. பொறிக் காட்சி. குட்டிக்கரடியின் கால் வேட்டைக்காரன் வைத்த பொறியில் மாட்டிக்கொள்கிறது, அது அப்பாவைக் கூப்பிடுகிறது. தொடரிலேயே பெரிய காட்சி இதுதான். மனைவி கடைக்குப் போகும்வரை கும்பல் காத்திருந்தான். பிறகு மகளுக்குச் சட்டை மாட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினான். போய்ப் பார்ப்போம், பழக்கத்தில் 'த' வந்தாலும் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தியேட்டருக்குள் குளிர். சுவரெல்லாம் கனமான திரை, பேசினால் குரல் திரும்பி வராது, பேசிய இடத்திலேயே செத்துவிடும். திரையின் வெளிச்சம் மட்டும்தான். ஸ்டூலில் நின்ற குண்டூசிக்குக் கும்பல் காதோரம் வசனத்தைச் சொன்னான். அவள் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, கால் மாட்டிக்கிச்சு. என்னைத் தூக்கு."

மூன்று 'க'வும் மணி மணியாக விழுந்தன. சொல்லிவிட்டு, கை தட்டுவான் என்று அப்பாவைப் பார்த்தாள்.

ஸ்பீக்கரில் டைரக்டர் குரல் வந்தது. "என்னய்யா கும்பல், போன வாரம் மழலை பேசின குட்டி இந்த வாரம் செய்தி வாசிக்குது?"

"ஒரு நிமிஷம் சார். சரி பண்ணிடறேன் சார்."

"சீக்கிரம் பண்ணு. வரலேன்னா சொல்லிடு, குட்டியையும் மாத்திடறேன், அப்பனையும் மாத்திடறேன். எனக்கு வேலை ஆகணும்."

கும்பல் மகளை ஸ்டூலிலிருந்து தூக்கிக் கீழே நிறுத்தினான், மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினான். இன்ஜினியரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா சிலையானான்.

குண்டூசி முதலில் சிரித்தாள். பழைய விளையாட்டு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். பிறகு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. அப்பாவுக்கும் 'க'தான் பிடிக்கும். "தூக்கு," என்றாள். அசைவில்லை. சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னும் சுத்தமாக, "தூக்... கு," என்றாள். டீச்சரே கேட்டிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டாள். பேண்ட்டைப் பிடித்து இழுத்தாள். கையைப் பிடித்து ஆட்டினாள், விட்டதும் அது தொங்கியது. திரையில் கரடிக்குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. இருட்டு. வீட்டில் என்றால் ஜன்னல் இருக்கும், அம்மாவின் சேலை கொடியில் கிடக்கும். இங்கே அப்பாவைத் தவிர அவளுக்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லை. அவரும் கல்லாகிவிட்டார். "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். கத்தின வேகத்தில் அழுகை வந்துவிட்டது. தான் கற்றுக்கொண்டதையெல்லாம் எடுத்து அவன்முன் கொட்டினாள். "கை! கண்ணாடி! கதவு! அப்பா, கதவு!"

கும்பலின் கண்ணில் நீர் நிறைந்தது. இமைத்தால் வழிந்துவிடும் என்று இமைக்காமல் நின்றான். கொலைகாரப் பாவி, அந்த நேரத்திலும் அவன் காது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அழுகை நன்றாக விழுகிறது, மைக்குக்குச் சரியான தூரத்தில் நிற்கிறாள் என்று ஒரு மூலையில் கணக்குப் போட்டது.

விக்கலுக்கு நடுவே அது வந்தது. "தூத்து."

கும்பலின் தோள் அசைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டைரக்டர் அவசரமாக விரலைச் சுழற்றினார். முழு வசனமும் வேண்டும். கும்பல் அதைப் பார்த்தான். மறுபடி கல்லானான்.

குழந்தை அண்ணாந்து பார்த்தாள். கேட்டதைச் சொல்லியாகிவிட்டது, இன்னும் உயிர் வரவில்லை. இதற்குமேல் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அப்பா காதோரம் சொன்ன வசனத்தின் ஞாபகத்தில், மூக்கு ஒழுக ஒழுக, முழுவதையும் சொன்னாள். "அப்பா, தால் மாட்டித்திச்சு. என்னைத் தூத்து. என்னைத் தூத்துப்பா."

சிவப்பு விளக்கு அணைந்தது. "ஓகே! டேக் ஓகே!" என்று டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடி வந்தார். இன்ஜினியர் தன் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுத்தான். கும்பல் மகளை வாரி அணைத்து முத்தம் கொடுத்தான். அவள் கட்டைபோல இருந்தாள். சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள், பிரிக்கவில்லை.

அன்று மாலை அம்மா வந்து, "என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டாள். குண்டூசி வாயைத் திறந்தாள். அப்பா இருந்த பக்கம் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. தண்ணீர் வேண்டுமென்றால் பானையைக் காட்டினாள், பசித்தால் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். 'க'வும் இல்லை, 'த'வும் இல்லை. அம்மா மூடிகளை எடுத்துப் பரப்பினால், அவற்றை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பிப் போட்டாள். கும்பல் தியேட்டரில் நடந்ததை மனைவி முன்னாலேயே சொல்ல, பயிற்சி டீச்சர் எல்லாம் கேட்டாள். "குழந்தைக்கு எல்லாம் தெரியும், பேசத்தான் பயப்படுது. எதுவும் கேக்காதீங்க, காத்திருங்க," என்றாள். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கும், காத்திருங்க என்றே சொன்னாள்.

மனைவி இந்த முறை சண்டை போடவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "ஒரு வாயில ரெண்டு பேச்சு வெச்சீங்க. இப்ப ஒண்ணுகூட இல்ல. நல்லா இருங்க."

பொறிக் காட்சி ஒளிபரப்பான அன்று குண்டூசி கூடத்தில்தான் இருந்தாள். தன் அழுகை டிவியிலிருந்து வருவதைக் கேட்டாள். எழுந்து போய் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கும்பல் முழுவதையும் பார்த்தான். அப்பா கரடி பாய்ந்து வந்து பேசியது, முகம் திரை நிறையத் தெரிந்தது. இது யார் குரல் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அடுத்த அழைப்பு வந்தபோது கும்பல் தனியாகப் போனான். மகள் பேசுவதில்லை, இனி தொடருக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு, தன் வேலையும் போயிற்று என்று தலையைக் குனிந்து நின்றான். அப்படியே சொல்லி அனுப்பியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"அட, விடுய்யா," என்றார் டைரக்டர். "இத்தனை எபிசோடு போயாச்சு, குரல் எல்லார் காதுலயும் ஏறிடுச்சு. இனிமே யார் பேசினா என்ன? அக்காவை வரச் சொல்லிட்டேன்."

அக்கா என்பவர் பேரப்பிள்ளைகள் எடுத்தவர். அரை நூற்றாண்டாகத் திரையில் அழுத குழந்தைகளில் பாதி அவர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, குண்டூசி பேசிய பதிவுகளை ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கும்பலைக் கண்டதும் கழற்றினார்.

"வாங்க தம்பி. உங்க பொண்ணு 'தூத்து'ன்னு சொல்லும்போது நாக்கு பல்லுல படுதா, வெளிய வந்துட்டுப் போகுதா? பதிவுல எனக்குப் பிடிபடல."

"பட்டும் படாமலும்க்கா. கடைசியில கொஞ்சம் காத்து விடுவா."

"சொல்லிக் காட்டுங்க."

கும்பல் சொல்லிக் காட்டினான். அக்கா திருப்பிச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் முன்னாடிக்கா," என்றான். அவர் மறுபடி சொன்னார். "இல்லக்கா, அவ அந்த இடத்துல மூச்சை இழுப்பா." நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாக்கு எங்கே, உதடு எங்கே என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். ஒரு தடவை அச்சு அசலாக வந்துவிட்டது. அவனையறியாமல் கையைத் தட்டினான்.

"அவ்வளவுதானா? இதுக்குப் போய்ப் பச்சைக் குழந்தையை ஏன் அலைய விட்டீங்க?" என்றார் அக்கா, வெள்ளந்தியாக.

சிவப்பு விளக்கு எரிந்தது. குட்டி பனியில் வழி தவறி நிற்கிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, மைக்கருகே குனிந்து, குண்டூசியின் குரலில் கூப்பிட்டார். "அப்பா... பயமா இலுத்து. என்னைத் தூத்துப்பா."

வீட்டில் எத்தனை நாளாக இந்தக் குரலுக்குக் காத்திருந்தானோ! உடைந்துபோன குரலில், "வந்துட்டேன்டா கண்ணு. அப்பா வந்துட்டேன்," என்றான்.

"பிரமாதம்!" என்று ஸ்பீக்கர் அலறியது. "இதை எங்கய்யா இவ்வளவு நாளா ஒளிச்சு வெச்சிருந்தே? இதேபோல இன்னொரு டேக் போயிடலாம்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார். கும்பல் மறுபடியும் வந்தான்.